சாதா உடுப்பு

பையனைக் கூட்டிப்போகையில்
சீருடை கூடாதென்று சட்டம்.
கொடியில் கிடந்த கட்டம்போட்ட சட்டையை
மாட்டிக்கொண்டு வந்தேன். காலரில் இன்னும் ஈரம்.

குலசேகரத்தில் புகைக்கூட்டிலிருந்து
ரப்பர் ஷீட் பதினொன்று எடுத்தவன், ஷிஜின்.
வயது பதினைந்து என்கிறது பள்ளிக்கூடத்துத் தாள்.
விலங்கும் கூடாது.
மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்
திருவிழாக் கூட்டத்தில் பிடிப்பதுபோல.

"மகனுக்கும் சேத்து ரெண்டு நாகர்கோவிலா?"
கண்டக்டருக்குத் தலையாட்டினேன்.
ஷிஜின் என்னைப் பார்த்தான்.

முந்தாநாள் ராத்திரி ஸ்டேஷனில்
இதே கைதான் அவன் செவிட்டில் விழுந்தது.
அதுவும் கூடாதென்றே சட்டம்.

ஜன்னலுக்கு வெளியே
சிரட்டை கட்டிய மரங்களை
உதடசைய எண்ணிக்கொண்டு வந்தான்.
தக்கலை நெருங்க மரம் தீர்ந்தது.

"செவி வலிக்கா மக்களே?"
கேட்டது நானா, இந்தச் சட்டையா.
பதிலில்லை.
வில்லுக்குறியில் ஒரு பழ ஜூஸ் வாங்கி நீட்டினேன்,
பாதி குடித்துவிட்டு
மீதியை மடியில் வைத்துக்கொண்டான்.

இளைஞர் நீதிக் குழுமத்தில்
கூண்டு இல்லை. மேசை, பிளாஸ்டிக் நாற்காலி.
அம்மா மெதுவாய்த்தான் கேட்டார்:
"போலீஸ் யாராவது அடிச்சாங்களாப்பா?"

என் சட்டையின் கட்டங்களைக்
கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு
"இல்ல" என்றான்.

காலர் காய்ந்திருந்தது.