குழாய் மேல் ஒரு பெயர்

மாசெரு. வியாழக்கிழமை. மாத்திரை வாங்கும் வரிசை.
ஆலையில் அரை நாள் கூலி போச்சு.
பதினோரு வருடமாக வருகிறேன்.
என் ரத்தத்தில் தேடினால்
எச்.ஐ.வி. இப்போது அகப்படுவதில்லை என்கிறார்கள்.
போய்விடவில்லை;
வாடகை பாக்கி வைத்தவன் போல
காலடிச் சத்தம் கேட்டு மூச்சடக்கி இருக்கிறது.

நர்ஸ் லினியோ டப்பாவோடு
நீளப் பொட்டலம் ஒன்றையும் தள்ளினாள்.
"இது வேற கிருமி. கருப்பை வாயில் குடியிருக்கும்.
யாருக்கும் வரும், பலருக்குத் தானே போகும்.
உன்னைப் போன்றவர்களிடம் போக மறுக்கும்."
பட்ட காலிலே படும் என்று வாயெடுத்தேன்.
"படுமுன் பார்க்கத்தான்" என்றாள்,
அடுத்தவளின் அட்டையைப் புரட்டிக்கொண்டே.

கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
முதுகால் கதவை அடைத்து
ஒரு காலை வாளிமேல் தூக்கி வைத்தேன்.
பஞ்சு முனைக் குச்சி.
கணவன், மருத்துவச்சி, டாக்டர்
எல்லோரும் போய்வந்த வழி அது.
நான் மட்டும் இதுவரை போனதில்லை.
தட்டுப்படும் வரை உள்ளே,
பிறகு பாபினில் நூல் சுற்றுவதுபோல்
மெல்ல ஐந்து சுற்று.
வெளியே யாரோ தட்டினார்கள்.
"ஆள் இருக்கு" என்றேன்.

குழாயில் பெயர் எழுத வேண்டும்.
மா-புலெங் என்று தொடங்கினேன்.
கல்யாணத்தன்று மாமியார் வீட்டில் வைத்தது:
பிறக்காத புலெங்கின் அம்மா.
புலெங் பிறந்தாள். ஒன்பது மாதம் இருந்தாள்.
பெயர் என்னோடு தங்கிவிட்டது.
"அடையாள அட்டையில் உள்ளதை எழுது."
திமகாட்சோ.
பள்ளிக்கூடத்துக் கையெழுத்தே வந்தது,
கடைசி எழுத்து ஸ்டிக்கருக்கு வெளியே.

மூன்று வாரம்.
பதினான்காம் வரிசையில் ஜீன்ஸுக்கு ஜிப் தைக்கிறேன்,
ஒன்றுக்கு நாற்பது நொடி.
பக்கத்து மெஷினில் முன்பு ம்போலோகெங் இருந்தாள்.
ஒரு குளிர்காலம் முழுக்க
கண் எரியுமளவு சென்ட் பூசி வந்தாள்.
எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை.
கேலி செய்தோம்.
ஆகஸ்டில் அந்த நாற்காலிக்கு வேறு ஆள்.

செல்லில் செய்தி வந்தது:
திமகாட்சோ, கிளினிக்குக்கு வரவும்.
யாருக்கோ வந்தது என்று
அழிக்கப் போனேன்.

கூடத்தில் கூப்பிட்டார்கள்.
இரண்டாம் முறைதான் எழுந்தேன்.
வினிகர் தொட்டு விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள் லினியோ.
"அரிசி மணி அளவு வெள்ளை. புற்று இல்லை. ஆகவும் விடமாட்டோம்."
கையடக்கமான கருவி, முனையில் கொதிநீரின் சூடு.
"நாற்பத்தைந்து நொடி. எண்ணிக்கொள்."
எண்ணுவதுதானே என் பிழைப்பு.
ஒரு ஜிப் முடிந்தது.
அடுத்ததை ஊசிக்கடியில் வைத்தபோது
எடுத்துவிட்டாள்.
வயிற்றில் முதல் நாள் வலிபோல் ஒரு பிடி.
கூரை ஓட்டையில் கொஞ்சம் வானம் தெரிந்தது,
நீலமாக, துவைக்காத ஜீன்ஸ் மாதிரி.

"அடுத்த வருடம் திரும்பப் பார்க்கணும்.
ஆறு வாரம் யாரையும் சேர்க்காதே."

சூப்பர்வைசர் அரை நாள் வெட்டினான்.
மா-புலெங் என்று எழுதினான்.
திருத்தவில்லை, அதுவும் நான்தான்.

ட்செலிசோ ஈஸ்டருக்குச் சுரங்கத்திலிருந்து வருவான்.
விரல் விட்டுப் பார்த்தேன்: ஐந்து வாரம்.
ராத்திரி போன் போட்டேன்.
"வா. ஆனால் முதல் வாரம் தனிப் பாய்."
"ஏன்?"
கருப்பை வாய் என்ற வார்த்தையை
அவனிடம் நான் சொன்னதே இல்லை.
இரண்டு நிமிடத்துக்குத்தான் காசு இருந்தது.
முதலிலிருந்து ஆரம்பித்தேன்,
தாழ்ப்பாள் இல்லாத கதவிலிருந்து.