பச்சை உடம்பு

பதினேழாம் கூண்டில் நேற்று மாலை ஒன்பது குட்டிகள்.
இன்று காலை மரத்தூளில்
ஒரு வால் நுனி,
அரிசியளவு ஒரு பாதம்.
மூலையில் உட்கார்ந்து
முகம் துடைத்துக்கொண்டிருந்தாள் தாய்.

வில்பெர்த் பதிவேட்டைத் திறந்து
சிவப்பு மையில் எழுதினார்:
கெட்ட தாய். நீக்கவும்.
கொடுமைக்காரர் அல்ல அவர்.
எழுபது கூண்டு, ஒரே காலைப்பொழுது,
சொல்லைச் சுருக்கத்தான் வேண்டியிருக்கிறது.

நான் பாம்பறைக்காரன்.
புதன்தோறும் வாளியோடு வருகிறவன்.
என் விரியன்களுக்கு எங்கள் பேச்சில் வெல்வெட் என்று பெயர்.
அவற்றின் பல்லைக் கண்ணாடி விளிம்பில் அழுத்தி
நஞ்சு கறப்பது என் வேலை. அதிலிருந்து மருந்து.
எலி குறைந்தால் முதலில் தெரிவது எனக்குத்தான்.
அதனால்தான் அன்று வாசலில் நின்றேன்.

யோர்லெனி குந்தி உட்கார்ந்தாள்.
பேறுகால விடுப்பு முடிந்து வந்து மூன்று வாரம்.
சாப்பாட்டுக் குளிர்பெட்டியில்
எங்கள் பீன்ஸ் சோற்றுக்கு மேல் தட்டில்
அவள் பெயர் ஒட்டிய பால் புட்டி இருக்கும்.

தீவனத்தை முகர்ந்தாள். சிக்கல் அதில் இல்லை.
தண்ணீர்க் குழாயின் முனையை விரலால் தொட்டாள்.
தொட்ட விரலைப் பார்த்தாள்.
மறுபடி, நகத்தால் அழுத்தினாள்.

அக்டோபர் மழைக்குப் பின் மலைத் தண்ணீரில் வரும் நுண்மணல்.
எஃகுக் குண்டு இறுகிக் கிடந்தது.
எத்தனை இரவாக என்று யாருக்கும் தெரியாது.
பிள்ளை பெற்ற பச்சை உடம்பு,
பால் ஊற வேண்டிய உடம்பு,
நா வறண்டு
ஈரம் எங்கே என்று தேடியிருக்கிறது.
ஒன்பது இடத்தில் இருந்தது.

மூடியில் தண்ணீர் வைத்தாள்.
எலி குடித்தது,
குடித்தது,
நாங்கள் மூவரும் பேசாமல் நிற்கும் அளவுக்குக் குடித்தது.

யோர்லெனி சிவப்பு வரியை அடித்துவிட்டு
நீல மையில் எழுதினாள்:
குழாய் அடைப்பு. ஆறாம் வரிசை முழுவதும் பார்க்கவும்.
வில்பெர்த் பார்த்தார். நான்கு முனைகள் வறண்டிருந்தன.

பிறகு கொட்டகையில் பத்தியம் தொடங்கியது.
சினை எலிக்கு வேகவைத்த முட்டை, ஊறிய தீவனம்,
கடைசி வாரம் ஒரு பிடி காகிதக் கீற்று,
கூடு அவளே கட்டிக்கொள்ளட்டும் என்று.
அப்பனைப் பேறுக்கு முன்பே இடம் மாற்றினாள்.
வானொலி போயிற்று.
பெற்ற கூண்டை ஐந்து நாள் கழுவக்கூடாது என்றாள்.
ஷேவிங் தைலம் பூசிக்கொண்டு உள்ளே வராதீர்கள் என்றாள்,
வில்பெர்த்திடமே.
குட்டியைத் தூக்கியே ஆகவேண்டுமென்றால்
அந்தக் கூட்டின் தூளிலேயே கையைத் தேய்த்துக்கொள்வாள்,
விருந்துக்குப் போகிறவள் பவுடர் பூசுவதுபோல.

நவம்பர் கடைசியில் பதினேழு மறுபடி பெற்றாள்.
பதினொன்று.
சிவப்பு விளக்கில் எட்டிப் பார்த்தோம்.
அவள் ஒன்றை வாயில் கவ்வினாள்.
அதே வாய், அதே பல்.
யோர்லெனியின் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.
குட்டியைத் தூக்கிப்போய்
காகிதக் குவியலின் நடுவில் வைத்தாள்.
அடுத்ததற்குத் திரும்பி வந்தாள்.
மறுநாள், மெல்லிய தோலுக்கு அடியில்
பதினொரு வயிற்றிலும் வெள்ளைப் பட்டை: பால்.

இருபத்தைந்தாம் நாள் புதன்கிழமை.
வாளியோடு போனேன்.
எண்ணிக் கொடுத்தாள். முகத்தைத் திருப்பவில்லை.
கேட்கக்கூடாதுதான், கேட்டுவிட்டேன்:
எப்படியும் என் பக்கம் வருவதற்கு
இத்தனை பாடு எதற்கு?

யார் வாய்க்குப் போகிறது என்பது உங்கள் கணக்கு,
தாய் வாய்க்குப் போகக்கூடாது என்பது என் கணக்கு
என்றாள்.
மூடியைச் சரியாகப் போடச் சொன்னாள்.

பிறகு தொட்டியடிக்குப் போய்
நின்றபடியே இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தாள்.
மணி மூன்று.
அவளுக்குப் பால் எடுக்கும் நேரம்.