கணக்கில் வராத இரவு

நாளைக் காலை எட்டு மணிக்கு லைசென்ஸ் ஆபீஸ் திறக்கும்.
மேசையில் கெட்ச்அப் கறையைத் துடைத்துவிட்டுக்
காகிதங்களைப் பரப்புகிறேன்.
பிறப்புச் சான்றிதழ்:
குட்டிப் பாதங்கள் மையில் பதிந்த ஆஸ்பத்திரித் தாள் செல்லாதாம்,
நெப்ராஸ்கா முத்திரை உள்ளதுதான் வேண்டுமாம்.
வகுப்பு முடித்த சான்று.
விலாசத்துக்குக் கரண்ட் பில்,
சிவப்பு எழுத்தில் இறுதி அறிவிப்பு.
பரவாயில்லை, விலாசம் சரிதான்.

டோபின் எதிரே உட்கார்ந்து
சீரியல் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கிறான்.
பதினாறு முடிந்து ஒன்பது நாள்.

மிச்சம் ஓட்டிய நேரப் பதிவேடு.
ஐம்பது மணி நேரம், அதில் பத்து இருட்டில்.
தேதி, சாலை, வானிலை,
ஒவ்வொரு வரி முடிவிலும் கொரின் ஷேஃபர், தாய்.
போன மார்ச்சில் நீல மை.
பீட்ரூட் லாரிகளின் பின்னால் ஊர்ந்த அக்டோபரில் பென்சில்.
ரயில்வே கேட்டில் நூற்று முப்பது நிலக்கரிப் பெட்டிகளை
எண்ணிக்கொண்டு நின்றதையும் ஓட்டியதாகவே எழுதியிருக்கிறேன்.
என்ஜின் ஓடிக்கொண்டுதானே இருந்தது.

கூட்டிப் பார்க்கிறேன்.
பகல் நாற்பத்து மூன்று. இரவு எட்டே முக்கால்.
மறுபடி கூட்டினாலும் எட்டே முக்கால்.
ஒரு வரிதானே, யார் கேட்கப்போகிறார்கள்?
பேனா மூடியைக் கழற்றுகிறேன்.

எழுதாத ஓர் இரவு உண்டு.
ஜனவரி, பனிமழை, ஒன்றரை மணி.
மிட்செல் மதுக்கடை வாசலில்
காரை எங்கே நிறுத்தினேன் என்று தெரியாமல் நான் நின்றேன்.
வெர்னீட்டா அவனை இறக்கிவிட்டுப் போனாள்.
ஒன்பது மைல். ஒன்றே கால் மணி நேரம்.
நான் வாந்தியெடுக்க இரண்டு தடவை ஓரம் கட்டினான்.
ஒரு சொல் பேசவில்லை.
சாலையில் ஈ காக்கை இல்லை,
ஆனாலும் திரும்பும்போதெல்லாம் இண்டிகேட்டர் போட்டான்.

அவன் ஓட்டியதிலேயே அதுதான் நல்ல ஓட்டம்.
படிவத்தின் அடியில் பொடி எழுத்து சொல்கிறது,
பக்கத்தில் அமர்பவர் போதையில் இருக்கக் கூடாது.
அன்று அந்தக் காரில் தெளிந்திருந்தவர் ஒருவர்தான்,
அவரிடம் லைசென்ஸ் இல்லை.

"அதை எழுதாதே அம்மா."
தலை நிமிராமல் சொல்கிறான்.
"வேற ஏதாவது எழுதட்டுமா?"
பதில் இல்லை.
எழுந்து ஆணியிலிருந்து சாவியை எடுக்கிறான்.
மணி ஒன்பது பத்து.
"இப்பவே கிளம்பினா பத்தரைக்குள்ள வந்திடலாம்."

பெல்ட்டை மாட்டுகிறேன், மடியில் பதிவேடு.
எனக்கு இது நூற்று நாற்பத்தெட்டாவது நாள்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
வானிலை என்ற இடத்தில்
தெளிவு என்று எழுதுகிறேன், இருட்டில், கோணலாக.
தெருமுனையில் நிறுத்தி இரு பக்கமும் பார்க்கிறான்.
இண்டிகேட்டர் துடிக்கிறது,
மிட்செல் பக்கம்.