எட்டு மணி, துறைமுகம் மூடல்

காலையிலிருந்தே ஜலசந்தியில் பேய்க்காற்று.
புன்டா அரீனாஸ் துறைமுகத்தை மூடிவிட்டார்கள்.
ரேடியோவில் எஃப்ரைன் அரைகுறையாய்க் கேட்டான்:
படகு ஒரு கால்வாய்க்குள் ஒதுங்கிவிட்டது,
நண்டுக் கூடைகள் பத்திரம்,
இன்றிரவு வரமாட்டேன்.
இரைச்சல்.
பிறகு, "எட்டு மணிக்கு..."

தெரியும்.
எட்டு மணிக்கு அயெலெனுக்கு ஒன்றரை மாத்திரை.
எடுத்துக் கொடுப்பது அவன் வேலை.
எனக்கு இது ஏழாம் மாதம்.
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில்
செவிலி சிவப்பில் அடிக்கோடிட்ட வரி
எனக்கானது:
கர்ப்பிணிகள் தொட வேண்டாம்.

ஒருத்தியைக் காப்பது
உள்ளே இருப்பதை எட்டக் கூடாது.

நான்கு மாதமாய் வாசற்படியில் நின்று
பார்க்கிறவள் நான்.
ராஜநண்டின் முள்ளை வெறுங்கையால் பிடிக்கிறவன்
பருப்பளவு வெளிர்மஞ்சளுக்குக்
கையுறை மாட்டுகிறான்.
நீலத் தட்டு அதற்கு மட்டும்.
காம்பில் சிவப்பு நூல் சுற்றிய கரண்டி
மற்றக் கரண்டிகளோடு சேராது.
அந்த அரையைக் கூட
மருந்தகத்திலேயே பிளந்து வாங்கிவிடுவான்;
எங்கள் வீட்டுக் கத்தி அதைத் தொட்டதில்லை.

முதல் மாதம் ஒருநாள்
படுக்கையெல்லாம் வாந்தி.
விரிப்பை இரட்டைப் பையில் கட்டி,
தனியாக, இரண்டு முறை துவைத்து,
கழிப்பறை மூடியைச் சாத்திவிட்டுத்
தண்ணீர் இரண்டு முறை இழுத்து,
எல்லாம் எஃப்ரைன்.
நான் தாளைத் தலைகீழாய்ப் படித்துக்கொண்டிருந்தேன்,
அதில் எங்கேயும்
அணைக்கலாமா என்று இல்லை.
இரவு இரண்டு மணிக்கு மருத்துவமனைக்கு அழைத்தேன்.
"முத்தம்?"
மறுமுனையில் கொட்டாவியும் சிரிப்பும் ஒன்றாய்:
"தாராளமாக, செனோரா.
நீங்கள் ஒதுங்க வேண்டியது
மாத்திரைக்கும் வாந்திக்கும்."

ஏழேமுக்கால்.
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.
டிராகோ, லாரி மெக்கானிக்,
எங்களோடு பேசி ஒரு வருஷம் ஆகிறது
(வேலிக்கால் ஒன்று, அது வேறு கதை).
விஷயத்தைச் சொன்னேன்.
ஒன்றும் கேட்காமல் வந்தான்.

சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினான்.
நகக்கண்ணின் கறுப்பு போகவில்லை.
முதல் கையுறை கட்டைவிரலில் கிழிந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவது, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஏறியது.

நாற்காலியில் கால் ஆட்டியபடி
ஆறு வயது மேற்பார்வையாளர்:
"நசுக்கக் கூடாது. தூள் பறக்கும்.
அம்மாவுக்கு ஆகாது.
பால் இல்லை, தண்ணீர்.
முதலில் தேதி பாருங்கள்,
வெள்ளிக்கிழமை மாத்திரை வேறே,
அது வாரம் ஒரு தடவைதான்,
தப்பா எடுத்தா அப்பா கத்துவார்."
"இன்னிக்கு என்ன கிழமை?"
"செவ்வாய்."
அவன் நாள்காட்டியைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
மறுபடி நாள்காட்டியை.

என்ஜின் குடலைப் பிரித்துப் போடுகிற கை
அந்த அரை மாத்திரையின் முன் நடுங்கியது.
அவள் விழுங்கினாள்.
நாக்கை நீட்டிக் காட்டினாள்,
மேலே, கீழே, பக்கவாட்டில்.

கையுறையை உள்வெளியாய் உருவி
பையில் போட்டு முடிந்து
மறுபடி கழுவினான்.
"நாளைக்கும் காற்றுதான்," என்றான், சன்னல் பக்கம் பார்த்து.
"எட்டு மணி, இல்லையா?"

வேலிக்கால் பற்றி யாரும் பேசவில்லை.
குளிர்பெட்டித் தாளின் அடியில்
பென்சிலால் எழுதினேன்:
கையுறை, பெரிய அளவு, ஒரு பெட்டி.