பின்னாடி கீறா

முகாமில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்,
மைக் முன்னால் ‘இன்னா’ கூடாதென்று.
ராத்திரி தண்ணித்தொட்டி ஓரம் நின்று
என்ன, என்ன, என்ன என்றேன்.
யாரோ என்னைத் திட்டுவதுபோலவே இருந்தது.

செலக்‌ஷன் மேட்ச் எங்கள் வியாசர்பாடி கிரவுண்டில்.
எனக்கு முன்னால் பேக் ஆடுகிறவள் கோயம்புத்தூர் ஜோதிமணி.
முதல் பாதி.
“உனக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள்” என்று
முழு வாக்கியமாகக் கத்தினேன்.
‘ஒருத்தி’ வரும்போது
பந்து வலைக்குள் கிடந்தது.

இரண்டாம் பாதியில், மழைத் தண்ணி தேங்கிய
இடது மூலையிலிருந்து அதே கிராஸ்.
யோசிக்க நேரமில்லை.
“ஜோதி, பின்னாடி கீறா, தூக்கி வுடுமே!”
அப்படி ஒரு சொல்லை
அவள் ஜென்மத்தில் கேட்டதில்லை.
திரும்பினாள். தூக்கி விட்டாள்.
“சரிங் அக்கா” என்றது அப்புறம்.

முடிந்ததும் மைக் வந்தது.
பின்னால் ஒரு கேமரா, சிரிப்பதற்குத் தயாராக.
“அந்த மெட்ராஸ் பாஷையில
ஜாலியா ஒரு டயலாக் சொல்லுங்களேன்.”

வேர்வையில் ஊறிய கிளவுஸை
பல்லால் இழுத்துக் கழற்றினேன்.
தொட்டியோரம் படித்ததெல்லாம்
இப்போதுதான் உதவிற்று.
“பந்து வந்தது. பிடித்தேன். வணக்கம்.”

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம்
மீன்கூடையோடு நின்றிருந்தாள் பெலிசியாக்கா.
“இன்னாமே, வெர்ல்ல அடியா?”
“அட, ஒண்ணியும் இல்லக்கா.
பஸ்ஸுக்குத் துட்டு கீதா?”