ஹீட்டருக்கு வேர்க்குரு

சண்டை என்றுதான் நினைத்தோம்.
மூன்று நாளாய் அந்த நீல டிஸ்கஸும் மஞ்சளும்
தொட்டியின் வலது மூலையை வளைத்துக்கொண்டு
நியான் டெட்ராக்களை விரட்டின.
சக்கர் மீனை மரத்துண்டுக்குள் அடைத்தன.
எதிரெதிரே நின்று உடம்பை உதறின.
ஒன்றைத் திருப்பித் தந்துவிடலாமென்று
தக்கலையில் சாகுலிடம் பேசி வைத்தேன்,
பாதி விலைக்கு. ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியாயிற்று.

வெள்ளி காலை பல் தேய்த்தபடி வந்த ஜெனோலின்
"அப்பா, ஹீட்டருக்கு வேர்க்குரு வந்திருக்கு" என்றாள்.

கண்ணாடிக் குழாயில், சிவப்பு விளக்குக்குச் சற்று மேலே,
சவ்வரிசியைவிடச் சின்னதாய், தேன் நிறத்தில்.
நூறு இருக்கும். இருநூறும் இருக்கும்.
இடம் பார்த்துப் பார்த்து நான் நட்ட
அகல இலைச் செடி ஆறு சும்மா நிற்கிறது.
இவற்றுக்குப் பிடித்தது
ஒரு பிளாஸ்டிக் மூடி போட்ட ஹீட்டர்.

நான் ஒன்றும் செய்யவில்லை.
துலா மழையில் கிணறு கலங்கிப்போனதால்
ஓட்டுத் தண்ணீரைப் பிடித்து
இரண்டு வாளி மாற்றினேன், அவ்வளவுதான்.
எந்த ஆறு பெருகியதென்று எடுத்துக்கொண்டனவோ.

ரெஜிலா எட்டிப் பார்த்தாள்.
மூவாயிரத்துக்கு இரண்டு மீன் வாங்கி வந்த அன்று
"நெய்மீன் வாங்கியிருந்தா ஒரு வாரம் காணும்" என்றவள்.
"பேறு பாக்க வந்த மாதிரி சுத்தி நிக்காதீங்க,
அந்த வெளக்க அணைங்க" என்றாள்.

அன்று ராத்திரிதான் காற்று.
வேர்க்கிளம்பிப் பக்கம் ரப்பர் மரம் விழுந்து
மூன்று கம்பம் சாய்ந்தது.
நான் மின்வாரியத்தில் கம்பியாள்.
ஊருக்கு விளக்கு வரவேண்டுமென்றால்
முதலில் ஊரை அணைக்க வேண்டும்.
ஃபீடரை இறக்கச் சொன்னது நான்தான்.
முளகுமூடு முழுக்க இருட்டு.
அதில் என் வீடும் உண்டு.

இடுப்புக் கயிற்றில் தொங்குகிறேன், கையுறைக்குள் மழை.
கை கம்பியை முறுக்க, மனசு கணக்குப் போடுகிறது:
இருநூறு லிட்டர். மணிக்கு அரை டிகிரி.
கீழே ஒருவர் முகத்தில் டார்ச் அடித்துக் கத்தினார்,
"சாரே, பிரிட்ஜில இறைச்சி கெடக்கு,
நாளைக்கு மாப்பிள வீட்டுக்காரங்க வாறாங்க!"
என் வீட்டிலும் கரண்டு இல்லை என்றேன்.
அவர் நம்பவில்லை.

நாலரைக்கு வீட்டுக்கு வந்தேன்.
தொட்டியைச் சுற்றிக் கல்யாணப் போர்வை.
மேலே வென்னீர் அடைத்த சோடா பாட்டில் மிதக்கிறது.
ரெஜிலா முக்காலியில் உட்கார்ந்து
காப்பி டம்ளரால் மொண்டு மொண்டு
ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.
"ஆணு விசிறத நிறுத்தவே இல்ல," என்றாள்,
"நான் எப்பிடி நிறுத்த?"
எது ஆணென்று எனக்கே இதுவரை தெரியாது.
கேட்கவும் இல்லை,
டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

பாதி வெளுத்துப் பூஞ்சை பிடித்தது.
வாலாட்டத் தொடங்கியவற்றை டெட்ராக்கள் தின்றன.
குற்றம் சொல்ல முடியாது, அவையும் அங்கே குடியிருக்கின்றன.
ஒருநாள் இரவு பெற்றவையே சிலதை விழுங்கியிருக்கலாம்.
தனித்தொட்டி வைக்கலாமென்றால்
பீரோவைத் தெருவில் வைக்க வேண்டும்.

புதன்கிழமை எண்ணினோம்: பதினேழு.
கண் இமை முடி போல இருந்துகொண்டு
ஹீட்டரை விட்டுக் கிளம்பி
நேரே போய் மஞ்சளின் விலாவில் ஒட்டிக்கொண்டன.
தோலில் சுரப்பதைக் கொத்தித் தின்கின்றன.
தின்னக் கொடுப்பது அசையாமல் நிற்கிறது.
போதுமென்றானதும் ஒரு உதறு, ஒரு பாய்ச்சல்.
அத்தனையும் அப்படியே நீலத்தின் மேல்.

"ஷிப்ட் மாறுது," என்றாள் ஜெனோலின்.
ரெஜிலா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.
எனக்கு அன்றைக்கும் நைட்டு.

கிளம்பும்போது சாகுல் அழைத்தான்:
"ஞாயிறு வாறேன்னு சொல்லிட்டு, மீனு எங்க அண்ணே?"
"இங்க கரண்டு இல்லப்பா, பொறவு பாப்போம்"
என்றேன்,
வீட்டில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்க.