குறைவெண்

டொங்காட் நூலகத்தின் பின்னறை.
செவ்வாய்க்கிழமை, மாலை ஆறரை.
ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டிக்கிடந்த
பத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிய்த்து எடுத்துப் போட்டேன்.
கிறீச்சிட்டுக்கொண்டுதான் பிரிந்தன.

ஐந்து பேர் வந்தோம்.
ஆறு பேர் வேண்டும்.

விதிப்புத்தகத்தில் அந்த எண்ணுக்குக் கோரம் என்று பெயர்.
தமிழில் உரக்கச் சொன்னால்
விரித்த தலையும் பல்லுமாய் எதுவோ எழுந்து வருகிறது.
அகராதியில் வேறு சொல் இருந்தது: குறைவெண்.
இதற்கும் கீழே போனால்
நாம் வார்டு கமிட்டி இல்லை,
மழைக்கு ஒதுங்கிய ஆட்கள்.

மழை பெய்துகொண்டுதான் இருந்தது.
குழாயில்தான் பதினேழு நாளாய்ச் சொட்டு இல்லை.
கூரையிலிருந்து வடிந்ததை வாளியில் பிடித்து
கழிப்பறைக்கு ஊற்றிவிட்டு வந்திருந்தார் ந்தொம்பேலா அம்மா.
பாவாடை ஓரம் இன்னும் காயவில்லை.

தீர்மானம் ஒரே ஒரு வரி:
பம்பைப் பழுதுபார்க்க ஒதுக்கிய பணம்
எங்கே போயிற்று, யார் கையெழுத்தில் போயிற்று?
நாளைக் காலைக்குள் நகரசபையில் சேரவேண்டும்.
தவறினால் இரண்டு மாதம்.

ஏழு. ஏழேகால்.
செக்யூரிட்டி கதவருகில் வந்து
சாவிக்கொத்தைக் குலுக்கிவிட்டுப் போனார்.

தாவர் கிஸ்டனுக்குப் போன் போட்டார்.
பின்னணியில் கிரிக்கெட்.
'நான் உங்க பக்கம்தான்யா, என் பேரைப் போட்டுக்கோங்க.'

'கேட்டியா தங்கச்சி? அவனே சொல்லிட்டான்.
ஒரு கிறுக்கல். நல்ல காரியத்துக்குத்தானே.'

தாவர் திருடர் இல்லை.
கரும்பாலை எடைமேடையில் முப்பது வருடம் நின்றவர்.
லாரியில் மண் கலந்து வந்தால்
மோந்தே பிடித்துவிடுவார்.
அந்த அறையில் திருடர் யாருமே இல்லை.
அதுதான் சிக்கல்.

வருகைப் பதிவில் கிஸ்டன் பெயருக்கு எதிரே
ஒரு விரல் அகலம் வெற்றிடம்.
பேனா முனை அங்கே நின்றது.
பம்புப் பணமும் இப்படித்தானே கிளம்பியிருக்கும்?
வராத ஒருவர் வந்ததாக,
வாங்காத இரும்பு வாங்கியதாக,
நல்ல மனிதர் ஒருவர் தங்கச்சி என்று கூப்பிட.

பேனாவை மூடினேன்.

ந்தொம்பேலா அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்:
'உன் பேனாவிலே தண்ணி வருமா?'

பதில் இல்லை என்னிடம்.
என் வீட்டுக் கொல்லையில்
பச்சை நிறத்தில் ஜோஜோ தொட்டி, ஐயாயிரம் லிட்டர்.
என் நேர்மை எனக்கு மலிவாகக் கிடைக்கிறது.
அதன் விலையை வேறு யாரோ
மாடிப்படியில் சுமந்து ஏற்றுகிறார்கள்.

குடியரசு என்ற சொல்லில்
குடிதான் முன்னால் வருகிறது, அரசு பின்னால்தான்
என்று அப்போது எனக்குத் தோன்றியது.
நல்லவேளை, வாய்விட்டுச் சொல்லவில்லை.
வாளியை என் தலையில் கவிழ்த்திருப்பார்.

எழுதினேன்:
வந்தவர் ஐவர். கூட்டம் நடைபெறவில்லை.
தாவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி படித்தார்.
கையெழுத்துப் போட்டார், தன்னுடையதை மட்டும்.
கல்லூரிப் பையன் ம்லுங்கிசி
நாற்காலிகளை அடுக்கினான், தேவைக்கு மேல் சத்தமாக.

காரில் ந்தொம்பேலா அம்மாவை ஏற்றிக்கொண்டேன்.
யாரும் பேசவில்லை.
என் வீட்டில் நிறுத்தி இரண்டு கேன் பிடித்துக் கொடுத்தேன்.
நன்றி சொல்லவில்லை அவர்.
சொல்லியிருந்தால்
எங்கே முகத்தை வைத்துக்கொள்வேன்?

அவர் வீட்டு வாசலில், ஒரு கால் வெளியே வைத்தபடி:
'அடுத்த தடவை அஞ்சு மணிக்கே கிளம்பணும்.
ஆளுக்கு ரெண்டு கதவு தட்டணும்.
மழையோ, மேட்சோ.'

கேன்களைத் தூக்கினார். திரும்பினார்.

'அந்தக் கிஸ்டன் வீட்டை
எனக்கு விட்டுடு.'